உண்மைப் போக்குவரத்தைப் பதிவு செய்து திரும்ப ஓட்டினால் ஏபிஐ சோதனை முடிந்ததா?

முத்துக்குளி எழுதியது:

வணக்கம். மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஆர்டர், விலைக் கணக்கு, பில் ஆகியவற்றைத் தரும் ஒரு சேவையை பிஎச்பியிலிருந்து கோ மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய நிரலை எழுதியவர்கள் ஒருவர்கூட இப்போது வேலையில் இல்லை. தானியங்கிச் சோதனைகள் பெயருக்கு இருக்கின்றன. ஆவணம் என்று ஒன்று உண்டு. பாதி ஏபிஐகள், அதாவது பிற நிரல்கள் எங்கள் சேவையை அழைக்கும் வாசல்கள், அதில் இல்லை. அதில் இருக்கும் ஏபிஐகளோ எழுதியபடி நடந்துகொள்வதில்லை.

மேலாளர் சொல்லும் வழி இது: ஒரு வார நேரடிப் போக்குவரத்தை, அதாவது சேவைக்கு வரும் கோரிக்கைகளையும் அதன் பதில்களையும், பதிவு செய்து, அதைப் புதிய சேவையின்மீது ஓட்டிப் பார்ப்போம். பதில்கள் ஒத்துப்போனால் மாற்றிவிடலாம். காதுக்கு இதமாக இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சந்தேகம். இதைச் செய்து பார்த்தவர்கள் எந்தக் கருவியை வைத்துச் செய்தீர்கள்? எங்கே காலை வாரும்?

---

தேனீ_84 எழுதியது:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பதிவு செய்து மறுபடி ஓட்டுதல்" என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் உலவுகின்றன.

ஒன்று, உங்கள் நிரல் வெளியே யாரையாவது அழைக்கும்போது அந்தப் பதிலைப் பிடித்து வைத்துக்கொள்வது. ரூபியில் 2010இல் வந்த விசிஆர் இந்த வகையைப் பிரபலமாக்கியது. முதல்முறை சோதனை ஓடும்போது உண்மையான அழைப்பு போகும். வந்த பதில் "கேசட்" என்ற கோப்பில் சேமிக்கப்படும், அடுத்த முறையிலிருந்து கோப்பே பதில் சொல்லும். வயர்மாக், ஹோவர்ஃப்ளை, மவுன்டிபேங்க் ஆகியவை இதையே தனிச் சர்வராக நின்று செய்கின்றன.

மற்றொன்று, உங்கள் வாசலுக்கு வரும் கோரிக்கைகளைப் பிடித்து வேறொரு சர்வர்மீது வீசுவது. கோரீப்ளே போன்றவை இந்த வகை. உங்கள் மேலாளர் கேட்பது இரண்டாவது. ஆனால் புதிய சேவை பேமென்ட் கேட்வேயையோ எஸ்எம்எஸ் நிறுவனத்தையோ அழைக்குமானால், அந்தப் பக்கத்தை அடைக்க முதல் வகையும் தேவைப்படும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திட்டம் போட்டால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள்.

விசிஆர் வகையைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். இயல்பாக அது பொருத்திப் பார்ப்பது கோரிக்கையின் முறையையும் முகவரியையும் மட்டுமே. உள்ளே அனுப்பிய தரவைப் பார்க்காது. ஒரே முகவரிக்குத் தரவு அனுப்பும் இரண்டு போஸ்ட் கோரிக்கைகள் போனால் பதிவான வரிசையில் பதிலை எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் நிரல் தவறான தொகையை அனுப்பினாலும் சோதனை பச்சையாகவே நிற்கும்.

---

இரவுக்காவல் எழுதியது:

எங்கே பிடிப்பது என்பதை முடிவு செய்யுங்கள். கோரீப்ளே நெட்வொர்க் பொட்டலங்களை ஓரமாக நின்று ஒட்டுக்கேட்கிறது, சேவையின் பாதையில் குறுக்கே நிற்பதில்லை. எனவே அது இறந்தாலும் சேவை இறக்காது. ஆனால் மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தை அதனால் படிக்க முடியாது. இணைய மறையாக்க முறையான டிஎல்எஸ் 1.3இல் சர்வரின் தனிச்சாவி கையில் இருந்தாலும் பயனில்லை. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிரும் லோட் பேலன்சரில் மறையாக்கம் அவிழ்ந்த பிறகு, அதற்கும் சேவைக்கும் நடுவே பிடிக்க வேண்டும்.

முன்வாசல் சர்வராக என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால், கோரிக்கையின் பிரதியை இன்னொரு சர்வருக்கு அனுப்பும் வசதி 1.13.4 பதிப்பிலிருந்து அதிலேயே உண்டு. அதே வகையான என்வாயிலும் உண்டு. அது ஹோஸ்ட் பெயரின் பின்னால் நிழல் என்ற பொருளில் ஓர் ஒட்டுச் சேர்த்து அனுப்பும், பதிவேட்டில் பிரித்துப் பார்க்க வசதி. ஆனால் இரண்டுமே பிரதிக்கு வந்த பதிலைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. புதிய சேவை சுருண்டு விழாமல் நிற்கிறதா என்று பார்க்க அது போதும், சரியான பதில் சொல்கிறதா என்று பார்க்கப் போதாது. கோரீப்ளேயிலும் பழைய பதிலைச் சேர்த்துப் பதியச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். மறந்தால் ஒரு வாரக் கோப்பில் கேள்விகள் மட்டும் இருக்கும்.

என்ஜின்எக்ஸில் இன்னொரு தொல்லை: பிரதிக் கோரிக்கை முடியும்வரை மூலக் கோரிக்கையும் முடிந்ததாகக் கருதப்படாது. பதில் வாடிக்கையாளருக்குப் போய்விடும், ஆனால் அதே இணைப்பில் வரும் அடுத்த கோரிக்கை காத்திருக்கும். புதிய சேவை மந்தமானால் பழையதும் மந்தமானதுபோல வெளியே தெரியும். நேரக்கெடுவைச் சிறியதாக வையுங்கள்.

---

மணல்மேடு எழுதியது:

எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். இது சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த நல்ல பெயர் என்பது என் கருத்து. ஒரு ஏபிஐ என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் நேற்று செய்ததை இன்றும் செய்தால் சரி என்கிறோம். நேற்று செய்தது தவறாக இருந்தால்? ஓபன்ஏபிஐயில் வரையறையை எழுதி, பேக்ட் போன்ற ஒன்றில் ஒவ்வொரு வாடிக்கை நிரலும் எதை எதிர்பார்க்கிறது என்று உடன்பாடு போட்டு, அதைச் சோதிப்பதே முறை.

போதாததற்கு, ஒரு வாரப் பதிவில் அந்த வாரம் நடந்தது மட்டுமே இருக்கும். விற்பனை விவரங்களைக் காட்டும் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. அதற்கு முந்தைய நாட்களில்தான் கடைக்காரர்களும் கணக்காளர்களும் அறிக்கைகளை இழுப்பார்கள். 15ஆம் தேதி பதிவைத் தொடங்கி 22ஆம் தேதி நிறுத்தினால் அந்த ஏபிஐகள் பதிவிலேயே இருக்காது. ஏப்ரல் 1 அன்று பில் எண் வரிசை புதிதாகத் தொடங்குவதும் இருக்காது. ஜிஎஸ்டி விதி 46இன்படி அந்த எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்தைத் தாண்டவும் கூடாது. இதை எந்தப் பதிவு உங்களுக்குச் சொல்லித்தரும்?

---

தேனீ_84 எழுதியது:

மணல்மேடு அவர்களே, உடன்பாடு போட எதிரே ஆள் வேண்டுமே. அவர்களுடைய வாடிக்கை நிரல்கள் கடைகளில் இருக்கும் பில்லிங் மென்பொருள்கள். யார் எந்தப் புலத்தை நம்பியிருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அங்கே போய் உடன்பாடு கேட்டால் "நேற்று வரை ஓடியது, அப்படியே ஓடட்டும்" என்பார்கள். பதிவு செய்வது அந்த வாக்கியத்தைச் சோதனையாக்குவதுதான்.

பதிவில் இல்லாத நாட்களைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அவற்றுக்குக் கையால் எழுதியே ஆக வேண்டும்.

---

பத்தாவதுகிளை எழுதியது:

முத்துக்குளி தம்பி, நீங்கள் இன்னும் கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் திட்டம் உடைவது அங்கேதான். தரவுத்தளம்.

பதிவில் ஒரு கடை ஆர்டர் போடுகிறது. பழைய சேவை அதற்கு 88121 என்று எண் கொடுத்தது. அடுத்த கோரிக்கை "88121 என்ன ஆயிற்று" என்று கேட்கிறது. திரும்ப ஓட்டும்போது புதிய சேவை அதே ஆர்டருக்கு 5 என்று எண் கொடுக்கும். பிறகு வரும் 88121க்கு "இல்லை" என்று 404 அனுப்பும். அது சரியான பதில்தான், ஆனால் உங்கள் அறிக்கையில் பிழையாக நிற்கும். இப்படி ஆயிரக்கணக்கில் வந்தால் உண்மையான பிழை அதற்குள் காணாமல் போய்விடும்.

எனவே பதிவு தொடங்கும் கணத்தின் தரவுத்தள நகல் வேண்டும். நள்ளிரவு எடுத்த நகலும் காலை பத்து மணிப் பதிவும் சேராது. ஓட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நகலுக்கே திரும்ப வேண்டும். எண்கள் அப்போதும் முற்றிலும் பொருந்தாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் முந்துவது யார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பழைய பதிலில் வந்த எண்ணையும் புதிய பதிலில் வந்த எண்ணையும் ஒரு அட்டவணையில் இணைத்து வைத்து, அடுத்த கோரிக்கையை அனுப்பும் முன் மாற்றி எழுதும் இடைநிரல் ஒன்றை எழுத வேண்டும். கோரீப்ளே அதற்கு இடம் தருகிறது. உள்நுழைவு டோக்கன்களுக்கும் இதே வைத்தியம், அவை எப்படியும் காலாவதியாகியிருக்கும். காலாவதியைச் சரிபார்க்காதபடி சோதனைச் சேவையை மாற்றுவதைவிட, புதிய டோக்கன் போட்டு அனுப்புவது நல்லது. சரிபார்ப்பும் சோதிக்கப்பட வேண்டிய நிரல்தானே.

இந்த வேலை பெரிது என்பதால் என் யோசனை: முதலில் படிக்கும் கோரிக்கைகளை மட்டும் ஓட்டுங்கள். ட்விட்டர் 2015இல் வெளியிட்ட, பதில்களை ஒப்பிடும் டிஃபி கருவியும் இயல்பாக எழுதும் கோரிக்கைகளை ஓட்டாது, நீங்களே அனுமதித்தால்தான் ஓட்டும். அதில் தெளிந்த பிறகு எழுதுபவற்றுக்கு வாருங்கள்.

அடுத்தது வெளியே போகும் அழைப்புகள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பணம். "சோதனைச் சூழலில் அனுப்பாதே" என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை நம்பாதீர்கள். புதிய நிரலையே நாம் சந்தேகிக்கிறோம், அதற்குள் இருக்கும் ஒரு நிபந்தனையை மட்டும் எப்படி நம்புவது? அந்தச் சர்வரிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியையே நெட்வொர்க் மட்டத்தில் அடைத்துவிடுங்கள். பணம் செலுத்தும் அழைப்பில் ஒரு முறைக்குமேல் எடுக்காமலிருக்கத் தனிச்சாவி அனுப்புகிறோமே, காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் அந்தச் சாவிகளை 24 மணி நேரம் கடந்த பிறகு அழித்துவிடக்கூடும் என்று ஆவணத்திலேயே சொல்கிறது. போன வாரப் பதிவை இன்று ஓட்டினால் அது புதிய கட்டணம்.

---

முத்துக்குளி எழுதியது:

அக்கா, தரவுத்தள நகலை நான் யோசிக்கவே இல்லை. நகல் கிடைக்கும். ஆனால் அதில் கடைக்காரர்களின் தொலைபேசி எண்களும் வங்கி விவரங்களும் உள்ளனவே?

---

சும்மாபார்க்க எழுதியது:

அதைத்தான் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகலைவிடப் பதிவுக்கோப்பு ஆபத்தானது. தரவுத்தளத்தில் கடவுச்சொல் நேரடியாக இருக்காது, பதிவுக்கோப்பில் உள்நுழைவுக் கோரிக்கையோடு அப்படியே இருக்கும். குக்கீயும் டோக்கனும் உயிரோடு இருக்கும். 2023இல் உள்நுழைவுச் சேவை நிறுவனமான ஒக்டாவுக்கு நடந்ததைப் பாருங்கள். பழுது பார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய எச்ஏஆர் கோப்புகள் அதன் உதவிப்பிரிவு அமைப்பில் கிடந்தன. எச்ஏஆர் என்பது உலாவியின் போக்குவரத்துப் பதிவுதான், வேறொன்றும் இல்லை. உள்ளே புகுந்தவர்கள் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்தார்கள், அவற்றிலிருந்த அமர்வு டோக்கன்களை வைத்து 5 நிறுவனங்களின் அமர்வுகளைக் கைப்பற்றினார்கள். கடவுச்சொல்லை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கார்டு விவரம் உங்கள் வாசல் வழியாக வருமானால், பின்பக்க மூன்றிலக்க எண்ணை ஒப்புதல் முடிந்த பிறகு மறையாக்கம் செய்தும்கூட வைத்திருக்கக்கூடாது என்பது கார்டு பாதுகாப்புக்கான பிசிஐ விதி. பதிவுக்கோப்பு என்பதால் விலக்கு கிடையாது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பில் போடுவதற்காகக் கொடுத்த எண்ணைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமா என்று உங்கள் சட்டப் பிரிவை இப்போதே கேளுங்கள், பதிவு எடுத்த பிறகு அல்ல.

மறைப்பதைப் பிடிக்கும் இடத்திலேயே செய்யுங்கள். வட்டில் எழுதிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்றால் அந்த "பிறகு" வராது. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே போலி எண் வர வேண்டும், இல்லையென்றால் பதிவும் நகலும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. அதற்காக எண்ணை வெறுமனே ஹேஷ் செய்துவிட்டு, அதாவது நேரடியாகத் திரும்ப மாற்ற முடியாத குறியாக்கிவிட்டு, தூங்காதீர்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கணினியே ஹேஷ் செய்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். ரகசியச் சாவியோடு செய்யும் எச்மேக் வேண்டும், அந்தச் சாவி சோதனைச் சூழலுக்கு வரவே கூடாது.

---

தேனீ_84 எழுதியது:

பதில்களை ஒப்பிடுவது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. எனக்கு இதில்தான் ஆசை அதிகம், கொஞ்சம் நீளும்.

டிஃபியின் யோசனை அழகானது. ஒரே கோரிக்கையை மூன்று இடங்களுக்கு அனுப்பும்: புதிய நிரல் ஒன்று, பழைய நிரலின் இரண்டு பிரதிகள். பழைய இரண்டும் தங்களுக்குள்ளேயே மாறுபடும் புலங்கள், அதாவது நேரமுத்திரை, தற்செயல் எண், வரிசையில்லாப் பட்டியல் ஆகியவை, இரைச்சல். புதியதற்கும் பழையதற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இரைச்சலைக் கழித்தால் மிஞ்சுவது பார்க்க வேண்டியது. புறக்கணிக்க வேண்டிய புலங்களின் பட்டியலைக் கையால் எழுதும் வேலை மிச்சம்.

ஆனால் மொழி மாறும்போது வரும் வேறுபாடுகளை இது கழிக்காது. அவை பழைய இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். பிஎச்பியிலிருந்து கோவுக்கு வரும்போது எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

பிஎச்பி இயல்பாகச் சாய்கோட்டின் முன் ஒரு பின்சாய்கோடு போடும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் எண் வடிவக் குறியாக மாற்றும். கோ தமிழை அப்படியே எழுதும், ஆனால் கோணக் குறிகளையும் உம்மைக்குறியையும் (&) குறியாக மாற்றும். பதில்கள் வரும் ஜேசான் வடிவத்தைப் பிரித்துப் படித்த பிறகு எல்லாம் ஒன்றே. ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல், பிரித்த பிறகு ஒப்பிடுங்கள். நேரம்: உலகப் பொது நேரத்தை பிஎச்பி கூட்டல்குறியும் சுழிகளுமாக எழுதும், கோ ஒரே எழுத்தில் முடிக்கும். நிலையான நேரப் புலங்களில் இது ஒவ்வொரு பதிலிலும் வரும். ஒப்பிடும் நிரலில் நேரமாக மாற்றிப் பாருங்கள்.

இனி, ஒதுக்கக் கூடாதவை. பிஎச்பியில் சாவியுள்ள பட்டியல் காலியாக இருந்தால் சதுர அடைப்பாக வரும், நிரம்பியிருந்தால் சுருள் அடைப்பாக. கோ மொழியில் ஒன்றும் வைக்காத பட்டியல், மதிப்பே இல்லை என்று பொருள்படும் null ஆகப் போகும். தரவுத்தளத்தின் தசம எண் பிஎச்பிக்கு எழுத்துச்சரமாகவே வருகிறது, அதனால் பழைய ஏபிஐ விலையை மேற்கோளுக்குள் "118.00" என்று அனுப்பியிருக்கும். கோ மொழியில் எழுதுபவர் நல்ல பிள்ளையாக 118 என்று எண்ணாக அனுப்புவார். இரண்டும் ஒரே விலை என்று ஒப்பிடும் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை வரும். சொல்லிக்கொடுத்தால், ஏதோ ஒரு கடையின் மென்பொருள் எழுத்துச்சரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

---

மணல்மேடு எழுதியது:

இந்த ஒரு பதிவுக்காக முன்பு சொன்னதில் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். எந்த வரையறையிலும் காலிப் பட்டியலின் அடைப்புக்குறி பற்றி யாரும் எழுதுவதில்லை.

---

இரவுக்காவல் எழுதியது:

வேகச் சோதனைக்கும் இதே பதிவைப் பயன்படுத்தத் தோன்றும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டக் கருவியில் வசதி உண்டுதான். ஆனால் முந்தைய பதிலுக்காகக் காத்திருந்து அடுத்ததை அனுப்பும் கருவியாக இருந்தால், சேவை திணறும்போது கருவியும் மெதுவாகி, திணறல் அளவீட்டில் தெரியாமல் மறைந்துவிடும். குறித்த நேரத்துக்குக் குறித்த கோரிக்கை போகிறதா என்று பாருங்கள். சரிபார்ப்பையும் வேகச் சோதனையையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்காதீர்கள்.

---

முத்துக்குளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படிக்கும் கோரிக்கைகளை மட்டும், மறைத்துப் பதிந்து, பிரித்து ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்தோம். தேனீ அண்ணன் சொன்ன அடைப்புக்குறியும் மேற்கோளும் வரிசையாக வந்தன. சரிசெய்த பிறகு மிஞ்சியவை இரண்டு.

முதலாவது, சில பொருள்களின் பெயர் திரையில் ஒன்றாகத் தெரிகிறது, ஒப்பிடும் நிரல் வேறு என்கிறது. தேடிப் பார்த்ததில் "கொத்தமல்லி", "மோர் மிளகாய்" போன்ற ஒகர ஓகாரப் பெயர்கள் மட்டுமே.

இரண்டாவது, சில பில்களில் வரியில் ஒரு பைசா குறைகிறது. எல்லாவற்றிலும் அல்ல.

---

தேனீ_84 எழுதியது:

முதலாவது யூனிகோடு. "கொ" என்பதை க, ொ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே. உங்கள் புதிய நிரல் எங்கோ, பல குறிகளை ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி முறையில் சீராக்குகிறது, பழையது தட்டச்சு செய்தபடியே விட்டுவிட்டது. சீராக்குவது நல்லதுதான், ஆனால் பெயரை வைத்துத் தேடும் ஏபிஐயில் இரு பக்கமும் சீராக்காவிட்டால் கொத்தமல்லி கிடைக்காது. அதைத் தனியாகச் சோதியுங்கள்.

இரண்டாவது முழுதாக்கல். 1.005ஐ இரண்டு தசமத்துக்கு முழுதாக்கினால் பிஎச்பி 1.01 தரும். கோ மொழியில் நூறால் பெருக்கி, முழுதாக்கி, வகுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பெருக்கும்போதே அது 100.49999999999999 ஆகிவிடுகிறது, எனவே 1.00. பைசாவை முழு எண்ணாக வைத்தோ தசம நூலகத்தை வைத்தோ கணக்கிடுங்கள்.

---

மணல்மேடு எழுதியது:

பழையது சரியா, புதியது சரியா என்று கணக்காளரைக் கேட்டீர்களா? பழையதே தவறாக இருக்கும் இடமும் இருக்கலாம்.

---

பத்தாவதுகிளை எழுதியது:

இந்த முறை பழையதைப் போலவே இருக்கட்டும், தவறாக இருந்தாலும். மொழி மாற்றத்தையும் கணக்கு மாற்றத்தையும் ஒரே நாளில் வெளியிட்டால், ஒரு கடைக்காரர் கூப்பிடும்போது எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது. தவறென்று கணக்காளர் சொன்னால் தனியாக, அறிவித்துவிட்டு மாற்றுங்கள். பணப் புலங்களுக்கு மட்டும் ஒப்பீட்டில் ஒரு விலக்கும் வைக்காதீர்கள், "ஒரு பைசாவுக்குள் இருந்தால் பரவாயில்லை" என்பது உட்பட.

பதிவை நிறுத்துவது எப்போது என்று மேலாளர் கேட்டால், அடுத்த 11ஆம் தேதி தாண்டட்டும் என்று சொல்லுங்கள். ஏப்ரல் 1ஐப் பொய்யாக உருவாக்க வேண்டும்.

---

முத்துக்குளி எழுதியது:

அதற்குச் சர்வரின் கடிகாரத்தை மாற்றினால் போதுமா அக்கா? நிரலுக்குப் பொய் நேரம் காட்டும் லிப்ஃபேக்டைம் என்று ஒன்று இருக்கிறது என்கிறார்கள்.

---

பத்தாவதுகிளை எழுதியது:

பிஎச்பிக்கு அது வேலை செய்யும். கோவுக்குச் செய்யாது. கோ நிரல் நேரத்தை சி நூலகத்தின் வழியாகக் கேட்பதில்லை, லிப்ஃபேக்டைம் இடைமறிப்பதோ அங்கேதான். கோ நிரலில் நேரம் கேட்கும் இடங்களை எல்லாம் ஒரு கடிகாரப் பொருளின் வழியாகக் கொண்டுவந்து, சோதனையில் அதை மாற்றிக் கொடுங்கள்.

நேரத்தை மார்ச் 31 இரவு 11.55க்கு வைத்து, பதிவிலிருந்து பில் போடும் கோரிக்கைகளை எடுத்து, காலை ஆறு மணி வரை போகும்படி பரப்பி ஓட்டுங்கள். உங்கள் பழைய சேவை இந்திய நேரத்தில் ஓடியிருக்கும். புதியது கன்டெய்னரில் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்றால், அதற்கு ஏப்ரல் 1 பிறப்பது நம் காலை 5.30க்கு. நள்ளிரவிலிருந்து அதுவரை போட்ட பில்கள் எந்த வரிசை எண்ணில் விழுகின்றன என்று பாருங்கள். மொத்த மார்க்கெட்டில் அந்த நேரத்தில்தான் வியாபாரமே தொடங்குகிறது.